ஹாம் வானொலி: உரிமம் முதலில், கம்பி அடுத்து, கருவி கடைசியில்

அமெச்சூர் வானொலி என்பது, அரசிடம் உரிமம் பெற்ற ஒருவர் சொந்த அலைபரப்பியை வைத்துக்கொண்டு, அதே போன்ற உரிமம் பெற்ற இன்னொருவரோடு பேசும் ஏற்பாடு. உலகெங்கும் அதற்கு ‘ஹாம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. இதில் வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, சங்கேத மொழியில் செய்தி அனுப்பக் கூடாது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பேசுவதற்கு இடையில் கைபேசிக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஒரு கருவி, ஒரு மின்கலம், ஒரு கம்பி இருந்தால் போதும்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு பிறந்த ஊர் கல்கத்தா, இன்றைய கொல்கத்தா. ஜகதீச சந்திர போஸ் 1895இல் நகர மண்டபத்தில் கம்பியில்லா அலையைச் சுவர்களைக் கடந்து செலுத்திக் காட்டியது இங்கேதான். நாட்டின் முதல் ஹாம் என்று குறிப்பிடப்படுபவர் அமரேந்திர சந்திர குப்து. 1921இல் உரிமம் பெற்ற அவருடைய அழைப்புக்குறி 2ஜேகே. அதே ஆண்டில் முகுல் போஸ் 2ஹெச்க்யூ என்ற குறியுடன் சேர்ந்துகொள்ள, எதிர்முனையில் பதில் சொல்ல ஆள் கிடைத்தது. இன்று அதே நகரின் கிழக்கு ஓரத்தில் உள்ள சால்ட் லேக்கில் ஒருவர் ஹாம் ஆக விரும்பினால் என்ன செய்ய வேண்டும், எதை வாங்க வேண்டும் என்பதற்கான விடைகள் பெரும்பாலும் சென்னைக்கும் மதுரைக்கும் பொருந்தும். சில விஷயங்கள் மட்டும் சால்ட் லேக்குக்கே உரியவை.

பலர் செய்யும் முதல் காரியமே தலைகீழானது: இணையக் கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சீன வாக்கி டாக்கியை வாங்கிவிட்டுப் பிறகு உரிமம் பற்றி விசாரிப்பது. அனுமதியில்லாமல் அலைபரப்பியை இயக்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே தவறு என்பது 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்து தொடரும் நிலை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முறையான அனுமதி விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணைய வணிக நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, விற்பனைக்கான வழிகாட்டு விதிகளையும் வெளியிட்டது. உரிமமில்லாமல் பயன்படுத்தத்தக்க குறைந்த திறன் கருவிகளும் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டு 2018 விதிகளின்படி எல்லோருக்கும் திறந்தது. அது கல்யாண மண்டபத்துக்கும் கட்டட வேலைக்கும் உதவும். ஹாம் வானொலி ஆகாது.

வங்காளத்தில் இந்தக் கண்டிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. வங்கதேச எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் பசிர்ஹாட், பொங்காவ் பகுதிகளில் இரவு நேரத்தில் சந்தேகத்துக்குரிய குரல்கள் அலைவரிசையில் கேட்பதாக இங்குள்ள ஹாம்களே அரசுக்குத் தெரிவித்த செய்தி நாளிதழ்களில் வந்தது. அழைப்புக்குறி சொல்லாத குரல் என்றால் காது கொடுப்பவர்கள் உடனே கவனிப்பார்கள்.

உரிமத்தை வழங்குவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. அடிப்படை விதிகள் 1978இல் வகுக்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்டவை. முன்பிருந்த பல படிகள் நீங்கி இப்போது இரண்டே தரங்கள் உள்ளன: கட்டுப்படுத்தப்பட்ட தரம், பொதுத் தரம். ஹாம்கள் பேச்சில் அவை ‘ரெஸ்ட்ரிக்டட்’, ‘ஜெனரல்’. இந்தியக் குடிமகனாகவும் 12 வயது நிரம்பியவராகவும் இருந்தால் தேர்வெழுதலாம். விண்ணப்பம் ‘சரள் சஞ்சார்’ இணைய வாசல் வழியாகச் செல்கிறது. தேர்வை நடத்துபவை வானொலிக் கண்காணிப்பு நிலையங்கள். கொல்கத்தாவுக்கு உரிய நிலையம் தெற்கு 24 பர்கனாவில் சர்க்கார்புல் அருகே கோபால்பூரில் இருக்கிறது. சால்ட் லேக்கிலிருந்து நகரைக் குறுக்கே கடந்து போக வேண்டிய தூரம்.

தேர்வு இரண்டு பகுதி. ஒன்று மின்னியலும் வானொலிக் கோட்பாடும்: ஓம் விதி, மின்தேக்கி, டிரான்சிஸ்டர், அலைபரப்பியின் கட்டப்படம், ஆன்டெனா. மற்றது விதிமுறை: மூன்றெழுத்துச் சுருக்கங்களான கியூ குறிகள், எழுத்துகளைச் சொல்லிக்காட்டும் முறை, ஆபத்துச் செய்திக்குக் கொடுக்க வேண்டிய முன்னுரிமை, பதிவேடு. ரெஸ்ட்ரிக்டட் தேர்ச்சிக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடு, மொத்தத்தில் 50. ஜெனரலுக்கு அது 50, 55. கூடவே மோர்ஸ் குறியை நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிந்திருக்க வேண்டும். 2003இல் கூடிய உலக வானொலி மாநாடு மோர்ஸ் தேர்வைக் கட்டாயமில்லை என்று ஆக்கியபின் பல நாடுகள் அதைக் கைவிட்டன. இந்தியா ஜெனரலுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. கோட்பாட்டுப் பகுதி பிளஸ் டூ இயற்பியல் படித்தவருக்குச் சில வாரத்தில் கைவரும். மோர்ஸ் அப்படியல்ல. புள்ளியையும் கோட்டையும் காகிதத்தில் மனப்பாடம் செய்பவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு எழுத்தையும் ஓர் ஒலியாகவே காதில் ஏற்றிக்கொள்பவர்கள் தேறுகிறார்கள்.

தேறியபின் உள்துறையின் சரிபார்ப்பு நடக்கும். மாதக் கணக்கில் ஆகும். உரிமக் கட்டணம் 20 ஆண்டுக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000 ரூபாய். ஜெனரலுக்கு வி.யு.2 என்றும் ரெஸ்ட்ரிக்டடுக்கு வி.யு.3 என்றும் தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். அந்தமானுக்கு வி.யு.4, லட்சத்தீவுக்கு வி.யு.7. குறுஅலையில் ரெஸ்ட்ரிக்டட் உரிமத்தின் உச்சத் திறன் 50 வாட், ஜெனரலுக்கு 400 வாட். எண்களைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. 50 வாட்டும் ஒழுங்கான கம்பியும் சேர்ந்தால் கண்டம் தாண்டும்.

காத்திருக்கும் மாதங்களைக் கேட்பதில் செலவிடுவதே நல்லது. கேட்க மட்டும் செய்யும் கருவிக்குப் பெரிய செலவில்லை. ஒற்றைப் பக்கப்பட்டை வசதியுள்ள குறுஅலை வானொலியோ, கணினியில் செருகும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். துண்டோ போதும். காலையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பினால் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் குரல்கள் வரும். யார் எப்போது பேச வேண்டும், இடையில் எப்படி நுழைவது என்ற நாகரிகம் எந்தப் பாடநூலையும்விட அங்கே சீக்கிரம் விளங்கும். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும் சில நிமிடங்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் காது வைப்பவர்களும் உண்டு.

அடுத்த கேள்வி, யாரோடு பேச வேண்டும் என்பது. கருவியைத் தீர்மானிப்பது அதுதான். இரண்டு மீட்டர் பேண்ட் எனப்படும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. தெருவில் நிற்பவர் கையிலுள்ள ஆன்டெனாவுக்கு வானொலித் தொடுவானம் சுமார் 5 கி.மீ. அடுக்குமாடிகள் அதையும் தின்றுவிடும். நான்கு மாடி வீட்டின் உச்சியில், 15 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் அது 16 கி.மீ. ஆகும். இரு முனையிலும் அப்படி இருந்தால் சுமார் 32 கி.மீ. எட்டலாம். சால்ட் லேக்கிலிருந்து ஹவுராவுக்கும் காரியாவுக்கும் அது தாராளம்.

கங்காசாகர் தீவு நேர்கோட்டில் 100 கி.மீ.க்குச் சற்று மேல். அங்கே ஆண்டுதோறும் மகர சங்கராந்தித் திருவிழாவில் லட்சக் கணக்கானோர் கூட, கைபேசி வலைப்பின்னல் திணற, கூட்டத்தில் தொலைந்தவர்களைக் குடும்பத்தோடு சேர்க்கும் பணியை மேற்கு வங்க ரேடியோ கிளப் ஹாம்கள் செய்துவருகிறார்கள். தீவுக்குள் இரண்டு மீட்டர் போதும். தீவிலிருந்து நகருக்கு அது எட்டாது. இடையில், வாங்கிய அலையை மறுபடி அனுப்பும் உயரமான ரிப்பீட்டர் வேண்டும், இல்லையென்றால் குறுஅலைக்குப் போக வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய நாற்பது மீட்டர் பேண்டில், அதிக உயரமில்லாமல் கிடையாகக் கட்டிய கம்பி அலையை நேர் மேலே அனுப்பும். சில நூறு கி.மீ. உயரத்திலுள்ள அயனி மண்டலம் அதை மழைபோலச் சுற்றுவட்டாரத்தில் இறக்கும். பகலில் இது நன்றாக நடக்கும். இரவில் அதே பேண்ட் பக்கத்து ஊரை விட்டுவிட்டுத் தொலைதூரத்துக்குத் தாவும். அப்போது 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குவார்கள். இந்த மேல்மண்டலத்தைக் கல்கத்தாவிலிருந்தே அளந்து ஆராய்ந்தவர் சிசிர் குமார் மித்ரா. அவருடைய பெயர் பெற்ற நூல் 1947இல் வந்தது. இந்நகரத்து ஹாம் நாள்தோறும் நம்பியிருப்பது அவர் படித்த அடுக்குகளைத்தான்.

ஆகவே சால்ட் லேக் வாசிக்கு முதலில் பார்க்க வேண்டியது மொட்டை மாடி. அரை அலை டைபோல் கம்பியின் நீளத்தை மீட்டரில் அறிய, 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. இங்கே பரவலாகக் காணும் மூன்று கட்டா மனை ஏறக்குறைய 200 சதுர மீட்டர். அதன் மூலைவிட்டமே 20 மீட்டரை ஒட்டித்தான் வரும், வீடு மனை முழுவதையும் அடைப்பதும் இல்லை. ஆகவே நட்ட நடுவில் ஒரு கழி நிறுத்தி, இரு கைகளையும் சாய்வாக இறக்கி, நுனிகளைக் கைப்பிடிச் சுவரோரமாக மடக்கிவிடுவதே வழி. மடக்கினால் கொஞ்சம் திறன் குறையும், ஆனாலும் வேலை செய்யும். நுனியில் மின்னழுத்தம் அதிகம் என்பதால் துணி காயப்போடுபவர் கைக்கு எட்டாத உயரம் வேண்டும். குடியிருப்பு வளாகமானால் சங்கத்தின் சம்மதம் வேண்டும். டம்டம் விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் உயரமான கம்பம் நடும் எண்ணமுள்ளவர் அதற்கான அனுமதியை முன்னதாகவே விசாரிக்க வேண்டும்.

ஊரின் பெயரில் உப்பு இருப்பதால் மண் நன்றாக மின்கடத்தும், செங்குத்துக் கம்பியே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 1960களில் சதுப்பை நிரப்பியது ஹூக்ளியிலிருந்து குழாய்வழி வந்த வண்டல். செங்குத்து ஆன்டெனாவுக்குக் கீழே தரையில் பரப்பும் கம்பிகள் இங்கும் தேவைதான்.

கம்பி முடிவானபின் கருவி. கைக்கடக்கமான பாவோஃபெங் யு.வி.5ஆர் போன்றவை மலிவு. 5 வாட் வரை தரும், ரிப்பீட்டர் எட்டும் இடத்தில் பழகவும் ஏற்றவை. அதை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குபவர், பேச ஆள் கிடைக்காமல் ஆறு மாதத்தில் அலமாரியில் போட்டுவிடுவது பரவலாக நடக்கிறது. குறுஅலையில் ஐகாம் ஐ.சி.7300 போன்ற 100 வாட் கருவிகள் லட்ச ரூபாயைத் தாண்டும். ரெஸ்ட்ரிக்டட் உரிமம் உள்ளவர் அதை 50 வாட்டுக்குள் குறைத்துத்தான் இயக்க வேண்டும். ஷியேகு ஜி90 20 வாட் தரும், விலையும் வெகுவாகக் குறைவு. ஆன்டெனாவைப் பொருத்தும் டியூனர் உள்ளேயே இருப்பதால் மடக்கிய கம்பிக்கு அது கைகொடுக்கும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் டபிள்யூ.பி.சி.யின் கருவி ஒப்புதலும் சுங்கமும் சேர்ந்துகொள்ளும் என்பதை விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

காசு குறைவு, கையில் பற்றவைப்புக் கோல் பிடிக்கத் தெரியும் என்றால் இந்தியாவுக்கே உரிய வழி ஒன்று இருக்கிறது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் இந்தியச் சந்தையில் எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே வடிவமைத்த பிட்எக்ஸ் கருவி, 2000களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் ஹாம்கள் கையால் கட்டிப் பார்த்த ஒன்று. பின்னர் வந்த பிட்எக்ஸ்40, யுபிட்எக்ஸ் பலகைகள் ஹைதராபாத்தில் பெண்கள் குழுவின் கையால் பாகம் பொருத்தப்பட்டு வெளிநாடுகளுக்குப் போயின. பாகம் தேட சென்னைக்காரருக்கு ரிச்சி தெரு, கொல்கத்தாக்காரருக்கு சாந்தனி சௌக். வாங்கிய கருவியைப் போலன்றி, தானே கட்டிய கருவி பழுதானால் சரிசெய்யத் தெரிந்திருக்கும் என்பது இதன் பெரிய லாபம்.

செலவுக் கணக்கில் கடைசியில் சேர்க்கப்படும் சில்லறைப் பொருள்களே பெரும்பாலும் தொந்தரவு தருகின்றன. மலிவான கோஆக்ஸ் கேபிள் இரண்டு மீட்டரில் திறனைப் பாதியாக்கிவிடும். கம்பி அலைவரிசைக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ கையடக்க நானோ வி.என்.ஏ.வோ இல்லாமல் கம்பியை வெட்டுவது இருட்டில் செய்யும் வேலை. 100 வாட் கருவி 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். அதற்கேற்ற மின்வழங்கி வேண்டும். தரமற்ற எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் இரைச்சலைக் கிளப்பும். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, கருவியை மின்கலத்தில் ஓட்டிக் கேட்டால் இரைச்சல் தன் வீட்டினுடையதா பக்கத்து வீட்டினுடையதா என்று தெரிந்துவிடும். 12 வோல்ட் மின்கலம் ஒன்றை எப்போதும் நிரப்பி வைப்பது வீண்செலவல்ல. 2020 மே 20 அன்று அம்பான் புயல் அடித்தபின் நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமும் கைபேசியும் இல்லாமல் கிடந்தன. 2004 ஆழிப்பேரலையின்போது, வேறொரு நோக்கத்துக்காக போர்ட் பிளேர் போயிருந்த ஹாம் குழு தங்கள் கருவிகளோடு அப்படியே நிவாரணத் தொடர்புக்குத் திரும்பியதும் இந்தத் தற்சார்பால்தான்.

பங்குனி, சித்திரை மாதங்களில் வங்காளத்தைத் தாக்கும் கால்பைசாகி இடிமழைக்கு முன் ஆன்டெனா இணைப்பைக் கழற்றி வெளியே போட வேண்டும். நிலத்தில் ஆழமாக இறக்கிய செப்புக் கம்பியோடு கழியை இணைப்பதும், கேபிளில் மின்னல் தடுப்பான் வைப்பதும் கட்டாயம் என்றே கொள்ளலாம். வானம் கறுத்தபின் மாடிக்கு ஓடுவது ஆபத்து.

எல்லாம் தயாரானதும் செய்ய வேண்டியது, அலைவரிசை காலியா என்று முதலில் கேட்டுவிட்டு, யாரும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பாக ‘சிக்யூ, சிக்யூ, விக்டர் யூனிஃபார்ம் த்ரீ’ என்று தொடங்கித் தன் குறியை எழுத்தெழுத்தாகச் சொல்வது. பதில் வந்தால் ஒலியின் தெளிவையும் வலிமையையும் எண்ணால் குறிப்பிட்டு, பெயரும் ஊரும் சொல்லி, ‘செவன்டி த்ரீ’ என்று வணக்கத்தோடு முடிப்பார்கள். தேதி, நேரம், அலைவரிசை, எதிர்முனைக் குறி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும், கண்காணிப்பு நிலையம் கேட்டால் காட்டவும் வேண்டும். தொடர்பை உறுதிப்படுத்தும் கியூ.எஸ்.எல். அட்டைகளைப் பலர் இன்னும் அஞ்சலில் அனுப்புகிறார்கள். வி.யு.3 குறியோடு தொடங்கியவர் மோர்ஸ் கைவந்தபின் ஜெனரல் தேர்வுக்கு விண்ணப்பித்து வி.யு.2 குறிக்கு மாறிக்கொள்ளலாம்.