நடு இணுக்கின் நுனி இலை

"செல்லுக்குள் புரதக் குப்பையை அகற்றும் ஈஸ்ட் மரபணுவால் மறதி நோய் தீரும் என்கிறார்களே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அல்சைமர் நோயில் மூளைச் செல்களுக்குள் திரளும் டாவ் புரதம், இந்த மரபணு உருவாக்கும் நொதி வேலை செய்யும், புரதங்கள் மடிந்து உருப்பெறும் எண்டோபிளாச வலைக்குள் நுழைவதே இல்லை. அமிலாய்ட் திட்டுகளோ செல்லுக்கு வெளியே படிபவை. ஆனால், எம்.என்.எஸ்.1 என்ற அந்த மரபணு செய்கிற காரியத்துக்கு இப்படிப்பட்ட விளம்பரமே தேவையில்லை.

வலைக்குள் வரும் பல புரதங்களின் மேல் 14 சர்க்கரைகள் கொண்ட கொத்து ஒன்று ஒட்டப்படுகிறது. கறிவேப்பிலைக் கொத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடித்தண்டிலிருந்து மூன்று இணுக்குகள் பிரிகின்றன. இலைகளெல்லாம் மேனோஸ்; ஓர் இணுக்கின் நுனியில் மட்டும் கூடுதலாக மூன்று குளுக்கோஸ். இந்தக் குளுக்கோஸ் இலைகளை இரண்டு நொதிகள் உருவிவிடும். அதன் பிறகு வருகிறது எம்.என்.எஸ்.1 உருவாக்கும் நொதி. நடு இணுக்கின் நுனியில் உள்ள ஒரே ஒரு இலையைக் கிள்ளும். அதுவும் ஆற அமர. பக்கத்து இணுக்குகளின் நுனியிலும் அதே மேனோஸ், அதே வகைப் பிணைப்பு. இருந்தும் அவற்றைத் தொடாது!

இதற்குள் ஒழுங்காக மடிந்த புரதம் கோல்கை உறுப்பை நோக்கிக் கிளம்பிவிடும். மடிய முடியாமல் தங்கிவிட்டதை எச்.டி.எம்.1 என்ற இன்னொரு நொதி தேடி வந்து, ஓர இணுக்கிலும் ஓர் இலையைக் கிள்ளுகிறது. அந்த இலை போன பிறகு வெளியே தெரியும் மேனோஸைத்தான் யோஸ்9 என்ற புரதம் பற்றிக்கொள்கிறது. பிடிபட்ட புரதம் வலைக்கு வெளியே இழுக்கப்பட்டு, புரோட்டியசோமில் துண்டு துண்டாகிறது. சமையலறைக் கொத்து வாடினால் இலைகள் கண்டபடி உதிரும். இங்கே எந்த இலை, எந்த வரிசையில் என்பதில்தான் ஒரு புரதத்தின் தலையெழுத்தே இருக்கிறது. இன்னும் மடிந்துகொண்டிருப்பதற்கு அவகாசம், இனி தேறாததற்கு முடிவு. இரண்டையும் சர்க்கரையை வைத்தே செல் பிரித்தறிகிறது.

மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அனெட் ஹெர்ஸ்கோவிக்ஸ் குழு இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது 1991இல். மடியத் தவறும் ஒரு புரதத்தைக் கொண்டு, அதன் அழிவுக்கு நடு இணுக்கில் நடக்கும் கிள்ளல் எவ்வளவு அவசியம் என்று 1998இல் காட்டியது சூரிச்சின் மார்கஸ் ஏபி குழு. வரலாறு இவ்வளவு போதும்.

எம்.என்.எஸ்.1ஐ நீக்கினாலும் ஈஸ்ட் ஆய்வகத்தில் செழிப்பாகவே வளர்கிறது. பழுதான புரதம் அழிவதுதான் தாமதமாகிறது. மனிதருக்கு அந்தச் சலுகை இல்லை. நம்மிடம் உள்ள இணை மரபணு எம்.ஏ.என்.1.பி.1. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதன் பழுதான பிரதியே வந்த குழந்தைகளுக்கு அறிவுத்திறன் குறைபாடு ஏற்படுவது 2011இல் தெரியவந்தது. பாகிஸ்தான், ஈரான் குடும்பங்களில், பெரும்பாலும் சொந்தத்துக்குள் நடந்த திருமணங்களில், அது முதலில் அடையாளம் காணப்பட்டது. அத்தை மகன், மாமன் மகள் என்று மணமுடிக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை பேசுவதிலும் நடப்பதிலும் மிகவும் பின்தங்கினால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திராமல், மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.