முத்தும் பளிங்கும்

கொற்கை முத்து சங்க காலந்தொட்டே புகழ்பெற்றது. பின்னாளில் தூத்துக்குடி முத்துக்குளித்தலின் தலைமைத் துறையாக விளங்கியது. அம்முத்தும், வீட்டுத் தளத்தில் பதிக்கப்பெறும் பளிங்குக்கல்லும் ஒரே குடும்பத்தவை. இரண்டிலும் முதன்மையாக அமைந்திருப்பது கால்சியம் கார்பனேட்டே ஆகும்.

உருமாறிய பாறை

சிப்பி, சங்கு, பவளம் முதலிய உயிரினங்கள் கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டே தம் ஓடுகளை ஆக்கிக்கொள்கின்றன. அவை மடிந்தபின் ஓடுகள் கடலடியில் படிந்து இறுகுகின்றன. சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் இவ்வாறே தோன்றுகிறது. இப்படிவுப் பாறை நிலத்தின் ஆழத்தில் புதைந்து, கடும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ளாகும்போது உருகுவதில்லை. அதன் துகள்கள் புதிய படிகங்களாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அதுவே பளிங்குக்கல். தாஜ்மகாலுக்குரிய பளிங்கு இராஜஸ்தானத்தின் மக்ரானாவிலிருந்து வந்தது. திருநெல்வேலியை அடுத்த தாழையூத்திலும் உருமாறிய சுண்ணாம்புப் பாறை உண்டு. அங்கு அது சிமெண்டாகிறது.

வீட்டில் பளிங்கு

பளிங்குத் தளம் கோடையில் குளிர்ச்சி தரும். ஆயினும் அமிலத்தைத் தாங்காது. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மெருகு மங்கும். எனவே உடனே நீரால் துடைத்தல் வேண்டும். அமிலம் கலந்த கழுவுபொருள்களைப் பயன்படுத்தலாகாது.

கடல் தந்த விலை

சிமெண்ட் பரவுமுன் சுவர் எழுப்பச் சுண்ணாம்புச் சாந்தே பயன்பட்டது. அதற்காக மன்னார் வளைகுடாக் கரையில் பவளப்பாறைகள் பெயர்க்கப்பட்டுச் சூளையில் சுடப்பட்டன. ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும் திரள்பவளங்களும் அவற்றுள் அடங்கும். அலைகளைத் தடுத்த அரண் குலைந்ததால் தீவுகளின் மணல் அரிக்கப்பட்டது. வளைகுடாவின் 21 தீவுகளுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கின. 1986இல் இத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

தூத்துக்குடிக்கு அருகே தேய்ந்துவந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. கடலின் சுண்ணாம்பை எடுத்து வீடு கட்டிய கரை, இன்று சுண்ணாம்புக்கல்லால் ஆன சிமெண்டைக் கடலுக்கே திருப்பித் தருகிறது. ஆயினும் மனிதர் வார்க்கும் கல் அலையைத் தடுக்குமேயன்றித் தானாக வளராது. அதன்மேல் பவளம் மீண்டும் குடியேறினால்தான் அரண் உயிர்பெறும்.