பாட்டரி அருகே தீக்குச்சி கிழிக்காதீர்கள்!

பொழுது இன்னும் விடியவில்லை. வெளியூர்ப் பயணம். குழந்தைகள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா சாவியைத் திருப்புகிறார். "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கார் கிளம்பவில்லை.

பாட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் திறக்கிறார். இருட்டு. தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினால் என்ன ஆகும்?

பாட்டரி வெடித்துவிடலாம்! முகத்தில் திராவகம் தெறிக்கும். கண் பார்வையே போகலாம்.

உள்ளே இருப்பது என்ன?

கார் பாட்டரியில் 6 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் சுமார் 2 வோல்ட் மின்சாரம் தரும். மொத்தம் 12 வோல்ட். கந்தகத் திராவகம் கலந்த தண்ணீரில் ஈயத் தகடுகள் நிற்கின்றன. இதை 1859-ல் கண்டுபிடித்தவர் காஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர்.

பாட்டரியில் மின்சாரம் ஏறும்போது தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவும் பிராண வாயுவும் கிளம்புகின்றன. ஒரு சிறு பொறி போதும். பீடி, சிகரெட்டும் ஆகாது. டார்ச் விளக்கைத் தூரத்திலேயே எரியவிட்டுக்கொண்டு கிட்டே போவது நல்லது.

குழாய்த் தண்ணீர் கூடாது

தகடுகள் மூழ்கி, குறியிட்ட கோடு வரை தண்ணீர் இருக்க வேண்டும். குறைந்தால் கடையில் விற்கும் வடித்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். திராவகம் ஊற்றவே கூடாது. குறைவது தண்ணீர்தானே தவிர, திராவகம் அல்ல. மூடி இல்லாத புதுவகைப் பாட்டரியைக் குத்தித் திறக்க வேண்டாம்.

எந்த ஒயர் முதலில்?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கழற்றும்போது (-) குறி போட்ட ஒயரை முதலில் கழற்ற வேண்டும். அது காரின் இரும்பு உடம்போடு சேர்ந்தது. (+) ஒயரை முதலில் கழற்றப் போய், ஸ்பானர் காரின் உடம்பில் பட்டால் நெருப்புப் பறக்கும். இடையில் மோதிரம் மாட்டினால் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். மாட்டும்போது (-) கடைசி.

முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்க்கலாம். நுரைத்துக் கழன்றுவிடும். அந்தத் தண்ணீர் அறைக்குள் போகக் கூடாது. துடைத்து ஒயரை மாட்டிய பின் வாசலைன் தடவலாம்.

பாட்டரிதான் குற்றவாளியா?

சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் வோல்ட் மீட்டர் 12.6 காட்டினால் பாட்டரியில் மின்சாரம் நிறைந்திருக்கிறது. 12-க்கு வந்துவிட்டால் மின்சாரம் ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது சுமார் 14 காட்ட வேண்டும். ஏறவே இல்லையென்றால் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். இது தெரியாமல் புதுப் பாட்டரி வாங்கிப் பணத்தை விட்டவர்கள் உண்டு.

கண்ணில் திராவகம் பட்டால் கசக்கக் கூடாது. டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன், அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி.