பிளாஸ்திரிக்குள் மறைந்த விரல்

2021 ஜூன். தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில், பிறந்து சில நாட்களே ஆன பெண் குழந்தையின் கையிலிருந்து, மருந்து ஏற்றும் குழாயான வென்ஃபிளானை எடுக்க வேண்டியிருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்திரியைச் செவிலியர் கத்தரியால் வெட்டினார். கூடவே கட்டைவிரல் நுனியும் துண்டானது.

செவிலியரைத் திட்டுவது எளிது. நான் அந்தப் பிளாஸ்திரியைப் பார்க்கச் சொல்வேன்.

சிசுக்களுக்குப் பெரும்பாலும் போடுவது மஞ்சள் நிற 24 கேஜ் வென்ஃபிளான், தடிமன் 0.7 மி.மீ. நாம் நரம்பு என்று சொல்லும் சிரை கிடைத்ததும் இரும்பு ஊசியை உருவிவிடுவார்கள். உள்ளே தங்குவது மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான். ('ஊசி உள்ளேயே குத்திக்கிட்டு கெடக்கே' என்று பதறும் அப்பத்தாக்களுக்கு இதைச் சொல்லலாம்.) குழந்தை கையை உதறினால் குழாய் நழுவும் என்று, அடியில் அட்டை வைத்துச் சுற்றிச் சுற்றி ஒட்டுகிறார்கள். விரல்களும் உள்ளே போய்விடுகின்றன. வினையே அங்குதான். விரல் நுனி தெரிந்தால்தான் நீலம் பாய்ந்திருக்கிறதா, மருந்து சிரைக்கு வெளியே கசிந்து கை வீங்குகிறதா என்று கவனிக்க முடியும். எடுக்கும்போது கத்தரியே வேண்டாம். ஈரப்பஞ்சால் ஊறவைத்து உரித்தால் போதும். சில நிமிடம் கூடுதலாகும். கூட்டம் நெரியும் வார்டில் அந்த நிமிடங்களுக்கு எங்கே போவது?

ஏற்றும் திரவத்தின் அளவிலும் இதே நுணுக்கம்தான். 3 கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே சுமார் 240 மி.லி. நடவு முடிந்த அசதியில் 'தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க' என்று பெரியவர்கள் கேட்டு வாங்கும் 500 மி.லி. பாட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு. (அந்தத் தெம்பும் 25 கிராம் சர்க்கரைதான்.) அதனால் குழந்தைகளுக்கு 60 சொட்டு விழுந்தால்தான் 1 மி.லி. ஆகும் தனிக் குழாய். பெரியவர்களுக்கு 20 சொட்டு.

தவறினால் யார் பொறுப்பு? டெல்லித் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர் தவறான மருந்தைச் சிரையில் ஏற்றி, ஒரு குழந்தையின் மூளை பாதித்தது. மருத்துவமனையே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம், 1998-ல். குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாய். பெற்றோரின் மன வேதனைக்குத் தனியாக 5 லட்சம். அது நுகர்வோர் சட்டத்தில் வந்த வழக்கு. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1995-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கட்டியவனுக்கு ஒரு வாசல் கூடுதல். கட்டாதவன் சிவில் கோர்ட், மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றம் என்று அலைய வேண்டும். இது எனக்கு உறுத்துகிறது. கிரிமினல் வழக்கு என்றால், உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பின்படி, சாதாரணக் கவனக்குறைவு போதாது. மிக மோசமான அலட்சியம் என்று காட்டியாக வேண்டும்.

எந்த வாசலுக்குப் போனாலும் கேஸ் ஷீட்டைத்தான் கேட்பார்கள். வென்ஃபிளான் எப்போது போட்டது, யார் போட்டது, எந்தக் கை. பல வார்டுகளில் தேதியையும் நேரத்தையும் அந்தப் பிளாஸ்திரி மேலேயே பேனாவால் எழுதிவிடுகிறார்கள்.