உங்களுக்குத் தெரியுமா? ஏர் ரைஃபிள் குண்டு எங்கே போய் நிற்கிறது!

காற்றுதானே என்று அலட்சியம் வேண்டாம்! உமாரெக்ஸ் நிறுவனத்தின் 'ஹேமர்' ஏர் ரைஃபிளில் துளி வெடிமருந்து கிடையாது. ஆனால் குண்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் சுமார் 950 ஜூல். 9 மி.மீ. பிஸ்டல் குண்டுக்கு? அதில் ஏறக்குறைய பாதிதான்!

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிக்கு வரும் ஏர் ரைஃபிளின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல். இரண்டுக்கும் பெயர் ஏர் ரைஃபிள்தான். வித்தியாசம் 120 மடங்குக்கும் மேல்!

அதனால்தான் இந்த வாரம் துப்பாக்கியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. குண்டைத் தடுத்து நிறுத்தும் தடுப்பைப் பற்றித்தான் முக்கியப் பேச்சு. தேடத் தேட ஒவ்வொன்றும் அதிசயம்!

கார் டயரில் காற்று 2 பார் சொச்சம். சக்தி வாய்ந்த ஏர் ரைஃபிள் சிலிண்டரில் 200 முதல் 300 பார். ஏறக்குறைய நூறு மடங்கு, அதுவும் கையில் பிடித்திருக்கும் துப்பாக்கியில்!

வேகம் இரண்டு மடங்கானால் குண்டின் ஆற்றலும் இரண்டு மடங்கா? இல்லை. நான்கு மடங்கு! பழைய துப்பாக்கியைத் தாங்கிய பலகை, புதியதைத் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

தடுப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1803-க்கு வாருங்கள். இது என் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு! அமெரிக்காவின் மேற்குக் கோடியைப் பார்த்துவரக் கிளம்பிய மெரிவெதர் லூயிஸ் கையில் ஓர் ஏர் ரைஃபிள். பிட்ஸ்பர்க்கில் படகு ஏறி 3 மைல்தான் போயிருக்கிறார். ஒரு தீவில் கரை ஒதுங்கி, கூடியிருந்தவர்களுக்கு 55 கெஜ தூரத்தில் 7 முறை சுட்டுக் காட்டுகிறார். பிறகு துப்பாக்கி இன்னொருவர் கைக்குப் போகிறது. அவருக்கு அதைக் கையாளத் தெரியாது. தானாக வெடித்துவிடுகிறது. 40 கெஜம் தள்ளி நின்ற பெண்ணின் தொப்பியைத் துளைத்து, நெற்றிப்பொட்டைச் சீவிக்கொண்டு போகிறது குண்டு! ரத்தம் வழிய அவள் சாய, செத்தேவிட்டாள் என்று எல்லாரும் பதறுகிறார்கள். ஒரு நிமிடத்தில் கண் விழிக்கிறாள்! காயத்தின் ஆழம் குண்டின் விட்டத்தில் கால் பங்கு. இதையெல்லாம் எழுதி வைத்தவர் லூயிஸ்தான். அவருடைய பயணக் குறிப்பின் முதல் நாள் பதிவே இதுதான்!

அதற்கும் முன்பே, 1780 வாக்கில், ஆஸ்திரிய ராணுவத்தில் ஜிரார்டோனி ஏர் ரைஃபிள் சேவைக்கு வந்துவிட்டது. ஒரு முறை காற்று நிரப்ப பம்ப்பை எத்தனை முறை அடிக்க வேண்டும்? சுமார் 1,500!

ஷெர்லாக் ஹோம்ஸுக்கும் இதில் பங்கு உண்டு! 1903-இல் வந்த 'வெற்று வீடு' கதையில் கர்னல் மோரன் எதிர்வீட்டிலிருந்து ஏர் கன்னால் சுடுகிறான். ஹோம்ஸ் என்று நினைத்து அவன் சுட்டது மெழுகுச் சிலையை! குண்டு சிலையின் தலையைத் துளைத்து, சுவரில் மோதி நசுங்கிக் கம்பளத்தில் விழுகிறது. இலக்கு ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. குண்டை நிறுத்தியது பின்சுவர்தான்!

இலக்கு வேறு, தடுப்பு வேறு! காகித அட்டை குண்டை நிறுத்தாது. தகர டப்பா நிறுத்தாது. சக்தி கூடிய ரைஃபிள் என்றால் மெல்லிய ஒட்டுப்பலகையும் நிறுத்தாது.

நிமிர்த்தி வைத்த இரும்புத் தகட்டில் ஈயக் குண்டு மோதினால் என்ன ஆகும்? அப்பளமாக நசுங்கி, துணுக்குகள் நாலாபக்கமும் தகட்டை ஒட்டியே சீறும். தகட்டின் மேல் விளிம்பைச் சுடுபவர் பக்கம் சாய்த்துப் பாருங்கள். துணுக்குகளில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். இரும்பு அதேதான், சாய்வு மட்டும்தான் புதுசு!

எஃகு பிபி குண்டை அந்தத் தகட்டின் பக்கமே கொண்டு போகாதீர்கள்! ஈயம் நசுங்கும். எஃகு நசுங்காது. வந்த வழியே உங்கள் முகத்துக்குத் திரும்பும். பாலிகார்பனேட் கண்ணாடி இல்லாமல் எந்த ஏர் கன்னையும் தொடக்கூடாது.

குளத்தைத் தடுப்பாக நினைக்கிறீர்களா? தாழ்வான கோணத்தில் பட்டால் குண்டு தண்ணீரில் தத்திக்கொண்டு போகும். கடற்போர்களில் பீரங்கிக் குண்டுகளை வேண்டுமென்றே இப்படித் தத்தவிட்டுச் சுட்டார்கள்!

பாறை? கூடவே கூடாது. அடிமரம்? குண்டு வழுக்கித் திசை மாறும்.

அப்படியானால் எதுதான் நிறுத்தும்? பழைய டயர்! அரைத்துத் துண்டு துண்டாக்கி, தோட்டத்துச் செடிகளின் அடியில் போடுவதற்கு விற்கிறார்களே, அதே ரப்பர்தான். ஓரடி ஆழப் பெட்டியில் இறுக்கி நிரப்பி, பின்னால் கால் அங்குல இரும்புத் தகடு வைத்துவிட்டால், 40 ஜூல் தள்ளும் .22 ஏர் ரைஃபிளின் குண்டும் ரப்பருக்குள்ளேயே அடங்கிவிடும். துள்ளல் கிடையாது. சத்தம் பொத் என்று ஒன்றுதான்!

வாங்கும்போது கம்பி நீக்கிய ரப்பர்தானா என்று கேளுங்கள். டயருக்குள் எஃகுக் கம்பி இருக்கிறதே!

யாரும் சொல்லாத ரகசியம் இதோ! சுடச் சுட ரப்பர் துண்டுகள் கீழே இறங்கிப் படிந்துவிடும். பெட்டியின் முன்பக்கத்தை மூடிய அட்டை அப்படியே நிற்கும். பெட்டி நிறைந்திருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மேலே நான்கு விரல் உயரம் வெற்றிடம்! அந்த இடத்தில் பட்ட குண்டு நேரே தகட்டில் போய் அடிக்கும். சுடுவதற்கு முன் மூடியைத் திறந்து, குலுக்கி, மேலே நிரப்புங்கள். மூடியைத் திருகாணி போட்டு இறுக்காமல் கீல் வைத்து அமைப்பவர்தான் என் கணக்கில் கெட்டிக்காரர்.

எலக்ட்ரீஷியன்கள் ஒயர் போகும் குழாயின் வாயை அடைக்க 'டக்ட் சீல்' என்று ஒரு பசை வைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் காயாது. குண்டை அப்படியே விழுங்கிவிடும்! ஆனால் ஒரே இடத்தில் சுட்டுக்கொண்டே இருந்தால், புதுக் குண்டு பழைய குண்டின் மேல் மோதித் தெறிக்கும். அவ்வப்போது தோண்டி எடுத்தே ஆக வேண்டும். அதிகச் சக்தி ரைஃபிளுக்கு இது மட்டும் போதாது என்பது என் தீர்ப்பு.

கல் இல்லாத சலித்த மணலுக்கு இன்றும் ஈடு இல்லை! மூட்டை கட்டி அடுக்குங்கள். மூட்டை கிழிந்து மணல் கசிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

18 கிரெய்ன் எடையுள்ள குண்டு ஒன்றின் எடை 1.17 கிராம்கூட இல்லை. 10,000 முறை சுடுங்கள். பெட்டிக்குள் 11 கிலோவுக்கு மேல் ஈயம்! பெட்டியின் ஸ்டாண்ட் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டாமா?

அந்த ஈயம் நஞ்சு. வெறும் கையால் அள்ளக்கூடாது. குழந்தைகள் கிட்டவே வரக்கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு!

இங்கிலாந்தின் மதுக்கடைகளில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு விளையாட்டு. 6 கெஜம் தள்ளி ஓர் இரும்புத் தகடு. நடுவில் 9.5 மி.மீ. துளை. துளைக்குள் குண்டு போனால் பின்னால் மணி அடிக்கும்! தவறினால் வெள்ளைப் பூச்சு மேல் கறுப்புத் தடம். இலக்கும் அதே தகடு, தடுப்பும் அதே தகடு!

ஒலிம்பிக் 10 மீட்டர் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. சுடும் குண்டோ 4.5 மி.மீ. புள்ளியைவிடக் குண்டு 9 மடங்கு பெரிசு! 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். அவர் பயிற்சி எடுக்க வீட்டிலேயே சுடுதளம் இருந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கிலும் களம் கண்டதும் இதே போட்டியில்!

சாதாரண .22 ஏர் ரைஃபிள் குண்டு 25 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்? ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி! குறுக்கே யாரோ வருகிறார் என்று கண் சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் தடுப்புக்குப் பின்னால் கதவு இருக்கக்கூடாது. இருந்தே தீரும் என்றால், உள்பக்கம் தாழ் போட்ட பிறகே சுட வேண்டும்.

குறி தப்பினாலும் தடுப்பு தப்பக்கூடாது! இலக்கு அட்டை ஒரு சாண் என்றால், பின்னால் தடுப்பு ஆள் உயரத்துக்கு இருக்கட்டும். குறி வைத்த புள்ளியை அல்ல, தவறிய குண்டைப் பிடிக்கத்தான் அது!

இந்தியாவில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ, குழல் விட்டம் 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ, ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் கட்டாயம். 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. வாங்கும் முன் விசாரியுங்கள். தடுப்பைக் கட்டி முடித்த பிறகு முதல் குண்டைப் போடுங்கள்!