700 டிகிரியைத் தாங்குமா ஒரு குழாய்?

இன்னிக்கு ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். அனல் மின் நிலையத்துல எரியுற நிலக்கரியோட சக்தியில எவ்வளவு கரண்ட்டா மாறுது தெரியுமா? பழைய நிலையங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான். மீதி எல்லாம் வெப்பமா வீணாப் போயிடுது.

இதை மாத்த ஒரு வழி, நீராவியை இன்னும் சூடாக்குறது. நீராவி எவ்வளவு சூடோ, அவ்வளவு திறன். பழைய நிலையங்கள்ல நீராவி சுமார் 540 டிகிரி செல்சியஸ். புதுசுகள்ல 600 வரைக்கும் போகுது. அடுத்த இலக்கு 700-ஐத் தாண்டுறது. திறன் 35 சதவீதத்துல இருந்து 46 ஆச்சுன்னா, அதே அளவு கரண்ட்டுக்குக் கிட்டத்தட்ட கால் பங்கு நிலக்கரி மிச்சம். கார்பன் டை ஆக்சைடும் அதே அளவு குறையும்.

"அப்போ சூடாக்க வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. தீ ரெடி. குழாய்தான் ரெடி இல்ல.

புத்தகம் அடுக்கின மரப்பலகை வருஷம் போகப் போக நடுவுல தொய்யுறதைப் பார்த்திருப்பீங்க. சூடான உலோகமும் அப்படித்தான். உருகவே வேணாம், உள்ள இருக்கிற அழுத்தத்துல மெல்ல மெல்ல நீண்டு, கடைசியில வெடிக்கும். இதைத்தான் 'க்ரீப்'னு சொல்றாங்க. வழக்கமான பாய்லர் எஃகு 600 டிகிரிக்கு மேல போனா இதுல சீக்கிரம் தோத்துடும்.

இந்தியாவுல இதுக்கு பெல், என்டிபிசி, கல்பாக்கத்துல இருக்கிற இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் மூணும் கைகோத்தாங்க. நிலக்கரிக்கும் அணு ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? வேக ஈனுலைக்காக, சூட்டுல உலோகம் எப்படி நடந்துக்கும்னு அவங்க பல வருஷமா படிச்சுட்டு வர்றாங்க. அந்த அனுபவம்தான் இங்க உதவுச்சு.

ரொம்பச் சூடான இடத்துக்கு நிக்கல் கலவை. அதோட விலை அதிகம். அதனால சூடு கொஞ்சம் குறைஞ்ச இடத்துக்கு, சுமார் 3 சதவீதம் செம்பு கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அந்தச் செம்பு உள்ளுக்குள்ள நுண்ணிய துகள்களா பிரிஞ்சு நின்னு, உலோகம் நகர விடாம தடுக்கும். ஆனா இந்த ரெண்டு வகையையும் வெல்டிங் பண்ணிச் சேர்க்கிற இடத்துல எப்பவும் கூடுதல் கவனம் வேணும்.

ஒரு உலோகத்தை நம்பணும்னா, 1 லட்சம் மணி நேரம் தாங்குமான்னு பார்ப்பாங்க. அதாவது 11 வருஷத்துக்கும் மேல! அவ்வளவு காத்திருக்க முடியாதுன்னு, இன்னும் அதிக சூட்டுல குறைஞ்ச நேரம் சோதிச்சுக் கணக்குப் போடுவாங்க. அந்தக் கணக்கு தப்பினா, பக்கத்துல வேலை செய்யுறவங்க உயிருக்கே ஆபத்து.

கடைசியா ஒரு விஷயம். கால் பங்கு குறைஞ்சாலும் மீதி முக்கால் பங்கு புகை இருக்கத்தான் செய்யும். இன்னிக்குக் கட்டுற நிலையம் 30, 40 வருஷம் ஓடும். அதனால இது சூரிய மின்சாரத்துக்கு மாற்று இல்ல. ஆனா நம்ம நாட்டு மின்சாரத்துல பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில இருந்துதான் வருது. அது குறையுற வரைக்கும், எரிக்கிறதைக் கொஞ்சமாவது வீணாக்காம எரிக்கணும் இல்லையா?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!