பத்து வயது ஊசிக்கும் பதினாறு வயது ஊசிக்கும் நடுவே

நான் கிராம சுகாதாரச் செவிலியர். செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் வேலை. பெரியவர்களுக்கு நான் நர்சம்மா, பிள்ளைகளுக்கு சிஸ்டர். தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஒரு பிள்ளையின் கணக்கு என் பதிவேட்டில் ஏறிவிடும். பிறந்தவுடன் பி.சி.ஜி., ஒன்றரை மாதத்தில் பென்டா, ஐந்து வயதில் பூஸ்டர், 10 வயதில் ஒரு டி.டி. ஊசி, 16 வயதில் இன்னொன்று. பிள்ளைகளுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணை அத்தோடு முடிந்துவிடுகிறது.

போதைப் பழக்கம் பல பிள்ளைகளைத் தேடி வருவது அந்தக் கடைசி இரண்டு ஊசிகளுக்கு நடுவில்தான். பெண் பிள்ளைகளாவது நாப்கினுக்கும் ரத்தசோகை மாத்திரைக்கும் எங்களிடம் வருவார்கள். பையன்கள் அடிபட்டால் ஒழிய துணை சுகாதார நிலையத்துப் படி ஏற மாட்டார்கள். அந்த ஆறு வருடமும் நாங்கள்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

2019-ல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாகச் சொல்கிறது. புகையில்லாப் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் அதற்கும் முன்பே, 10 வயது நிறைவதற்குள்ளேயே தொட்டுவிட்டார்கள். எய்ம்ஸ் மருத்துவர்கள் தேசிய அளவில் எடுத்து, அதே ஆண்டு வெளியான ஆய்வும் ஒன்றைக் காட்டியது. முகர்ந்து போதையேற்றும் பொருட்களை மட்டும் பெரியவர்களைவிடச் சிறுவர்களே அதிகம் பயன்படுத்துகிறார்கள். பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு. காரணம் எளிது. விலை குறைவு, பெட்டிக்கடையிலும் பஞ்சர் கடையிலும் கிடைக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாய்ப்புண் என்று வந்தான். கீழுதட்டை இழுத்துக் காட்டச் சொன்னேன். உதட்டின் உட்புறம் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல்போலச் சுருங்கியிருந்தது. பிள்ளைகள் ‘லிப்’ என்று சொல்லும் புகையிலைப் பொட்டலத்தை வைத்த தடம் அது.

“எப்ப இருந்துப்பா?”

“ஏழாவதுல இருந்து, சிஸ்டர்.”

“யாரு குடுத்தா?”

“யாரும் குடுக்கல. மேட்ச்சு ஜெயிச்சா ஆளுக்கு ஒண்ணு. ஆயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்.”

அவனைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலும் கோபமும் தலைவலியும் வரும், சில வாரங்களில் அடங்கிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அது தெரியாததால்தான் பலர் மூன்றாம் நாளே பழையபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். பள்ளிக்கு இரும்புச்சத்து மாத்திரை விஷயமாகப் போகும்போதெல்லாம் அவனைத் தனியே கூப்பிட்டு உதட்டைப் பார்த்தேன். வெளுப்பு மெல்ல மறைந்தது. பிறகு அவனே என்னை வீட்டுக்கு அழைத்துப் போய் ஆயாவிடம் சொன்னான்.

இந்தச் சோதனையைப் பெற்றோரும் செய்யலாம். மாதம் ஒரு முறை உதட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பிள்ளை தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விடட்டும். மூன்றும் நுழைய வேண்டும். பாக்கும், பாக்கோடு புகையிலை கலந்த மாவாவும் மெல்லுகிறவர்களுக்கு வாயின் உட்சதை இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை. விரல் நுழையவில்லை என்றால் காலம் தாழ்த்தாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண்டுதோறும் போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று பேரணி போகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம். அழுகிய நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறோம். இவற்றால் மட்டும் பலன் கிடைப்பதில்லை. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் சேர்ந்து வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன. பயமுறுத்தல், ஒருவர் மட்டும் பேசும் சொற்பொழிவு, திருந்தியவரின் அனுபவக் கதை எதுவும் பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப, பிள்ளைகளையே பேசவைத்து, மறுக்கப் பழக்கும் வகுப்புகளே பயன் தருகின்றன.

அதனால் நான் கரும்பலகையில் 100 புள்ளி வைத்து, எத்தனை பேர் புகையிலை போடுகிறார்கள் என்று கேட்பேன். பாதி என்பார்கள், அதற்கு மேலும் என்பார்கள். அந்தக் கணக்கெடுப்பின்படி ஒன்பது புள்ளியை மட்டும் வட்டமிட்டு, மீதி 91 பேர் போடுவதில்லை என்று காட்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும். “எல்லாரும் போடறாங்க” என்ற எண்ணமே பல பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறது. அடுத்து, நண்பன் நீட்டினால் என்ன சொல்வாய் என்று இருவர் இருவராக நடித்துக் காட்டச் சொல்வேன். “வேணான்டா, நாளைக்கு கபடி செலக்‌ஷன்” என்பான் ஒருவன். “எங்க மாமா கடையாண்ட நிக்கறாரு” என்பான் இன்னொருவன். தன் வாயால் ஒரு முறை சொல்லிப் பார்த்த பதில், தேவைப்படும் நேரத்தில் நாக்கில் வரும்.

பள்ளி விட்டபின் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். எங்கள் பக்கம் அம்மாக்கள் பலர் சிப்காட் கம்பெனிக்கு வேன் ஏறுகிறார்கள், அப்பாக்கள் கட்டட வேலைக்குப் போகிறார்கள். மாலை நான்கு மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை பிள்ளையைக் கேட்க ஆளில்லை. போதையைத் தடுக்க ஐஸ்லாந்து நாடு கவனம் வைத்தது இந்த மாலை நேரத்தில்தான். அங்கே 1998-ல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியிருந்தார்கள். 2016-ல் அது 5 விழுக்காடு. மாலை நேர விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. பெற்றோர் கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இரவில் சிறுவர்கள் வெளியே சுற்றும் நேரத்துக்கு வரம்பு வைத்தார்கள். நமக்கு ஒரு வாலிபால் வலையும், பொறுப்பான ஓர் அண்ணனும் கிடைத்தால் தொடங்கிவிடலாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை இருக்கிறது. சிறுவருக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தண்டனை, பொருளைக் கொடுத்தவருக்கே. வாங்கிய பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தினால், அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே காவலையும் நாமே எடுத்துவிடுகிறோம்.

உங்கள் பிள்ளையிடம் பொட்டலம் இருந்தால் அடிக்காதீர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்தபிறகு தனியே கேளுங்கள்: எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை, யாரோடு? பிறகு உங்கள் ஊர் நர்சம்மாவிடம் வாருங்கள். எங்களால் முடியாததை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவோம். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, சிறுவர் பாதுகாப்புக்கு 1098. மூன்றுக்கும் கட்டணம் கிடையாது.

அடுத்த கிராம சபையில் இரண்டு கேள்வி கேளுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கும் கடை இருக்கிறதா? சாயங்காலம் பிள்ளைகள் விளையாட இடமும், கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆளும் உண்டா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைக்காமல் எழுந்து வராதீர்கள்.